ஐஎஸ்எஸ்ஸை டெலஸ்கோப்ல படம் பிடிக்கறது எப்படி? மோட்டார் வேணாம், கை போதும்

இருட்டற நேரத்துல மினுக்காம, சத்தமில்லாம, மேற்குல இருந்து கிழக்கா விறுவிறுன்னு ஒரு வெளிச்சப் புள்ளி போறதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதுல ரொம்பப் பளிச்சுனு தெரியறது பெரும்பாலும் ஐஎஸ்எஸ்தான், அதாவது சர்வதேச விண்வெளி நிலையம். அந்தப் புள்ளியை சாதாரண அமெச்சூர் டெலஸ்கோப் வழியா, ரெண்டு பக்கமும் சோலார் பேனல், நடுவுல மாட்யூல், வெள்ளையா ரேடியேட்டர்னு பிரிச்சுத் தெரியற அளவுக்குப் படம் எடுக்கலாம், அதுவும் மோட்டார் இல்லாத, கையால தள்ளற டாப்சோனியன்லயே எடுக்கலாம். எப்படின்னு முழுசா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கணக்கு. நிலையத்தோட நீளம் 109 மீட்டர், சுத்தறது ஏறக்குறைய 420 கிமீ உயரத்துல. நேர் தலைக்கு மேல வரும்போது 50 ஆர்க்செகண்டுக்குக் கொஞ்சம் மேல அகலம் காட்டும். ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டா வர்ற ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட், ரொம்பப் பொடி அளவுதான், ஆனா வியாழன் நமக்குக் கிட்ட வர்ற மாசங்கள்ல காட்டற அகலமும் 50-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால உங்க டெலஸ்கோப் வியாழனோட பட்டையைக் காட்டுதுன்னா ஐஎஸ்எஸ்ஸோட வடிவத்தையும் கண்டிப்பா காட்டும். 200 மிமீ அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் வாங்கற வாயோட அகலம், இருக்கற டெலஸ்கோப் தியரிப்படி 0.6 ஆர்க்செகண்ட் வரைக்கும் பிரிச்சுக் காட்டும், 420 கிமீ தூரத்துல அது 1.2 மீட்டர். காத்து அலையறதால அவ்வளவு கிடைக்காது, ரெண்டு மூணு மீட்டர் கிடைச்சாலே பெரிய விஷயம், சோலார் பேனல் தனித்தனியா தெரிய அது தாராளமா போதும்.

அப்போ கஷ்டம் எங்கேன்னா வேகத்துல. செகண்டுக்கு 7.66 கிமீ ஓடுது, 93 நிமிஷத்துல பூமியை ஒரு சுத்து. தலைக்கு மேல வரும்போது வானத்துல செகண்டுக்கு ஒரு டிகிரி நகருது, அதாவது ரெண்டு முழு நிலாவோட அகலம். வியாழன்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்பத் திரும்ப எடுக்கலாம். இது 30 டிகிரி உயரத்துக்கு மேல (அடிவானம் 0, நேர் உச்சி 90) இருக்கற நேரமே மூணு நிமிஷத்துக்குள்ளதான், 60 டிகிரிக்கு மேல ஒரே நிமிஷம். இதைக் கேட்ட உடனே எல்லாரும் மோட்டார் மவுண்ட், அதாவது டெலஸ்கோப்பைத் தானா திருப்பற தாங்கி, தேட ஆரம்பிச்சிடறாங்க. என்னைக் கேட்டா அது கடைசியா யோசிக்க வேண்டிய விஷயம். படம் வராம போறதுக்கு முக்கியமான காரணம் மூணுதான், ஃபைண்டர் (குறி பார்க்க டெலஸ்கோப் மேல மாட்டற குட்டி டெலஸ்கோப்) சரியா அலைன் ஆகலை, ஃபோகஸ் விலகிடுச்சு, எக்ஸ்போஷர் ஜாஸ்தியாயிடுச்சு. மூணுமே நிலையம் அடிவானத்துல தலை காட்டறதுக்கு முன்னாடியே முடிச்சு வைக்கற வேலை. அதை முடிச்சுட்டா வர்ற மூணு நிமிஷத்துல டெலஸ்கோப்பைத் தள்ளறது மட்டும்தான் உங்க பொறுப்பு.

டெலஸ்கோப் எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கலாம். 5 இன்ச்ல மொத்த வடிவம் தெரியும், பேனல் நிறம் தெரியும். 8 இன்ச் டாப்சோனியன் கையில இருந்தா இந்த வேலைக்கு அதை விடத் தோதானது கிடையாது, ஏன்னா கையால சுத்தறதுக்குன்னே செஞ்ச அமைப்பு அது. கேமரான்னு பார்த்தா கிரகம் எடுக்கற சின்ன பிளானட்டரி கேமராதான் பெஸ்ட், செகண்டுக்கு 100 ஃபிரேமுக்கு மேல அள்ளித் தள்ளும். 2.9 மைக்ரான் பிக்சல் சென்சாரை 1200 மிமீ ஃபோகல் லெங்த் டெலஸ்கோப்ல மாட்டினா ஒரு பிக்சலுக்கு 0.5 ஆர்க்செகண்ட், நிலையம் 100 பிக்சல் அகலத்துக்கு விழும். கணக்கு போடற வழி சுலபம், மைக்ரான்ல பிக்சல் அளவை மிமீல ஃபோகல் லெங்த்தால வகுத்து 206-ஆல பெருக்குங்க, பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட்னு வந்துடும்.

இங்கதான் ஆசை வரும். ரெண்டு மடங்கு பார்லோ (படத்தைப் பெருசாக்கற லென்ஸ்) போட்டா 200 பிக்சல் கிடைக்குமேன்னு தோணும். கிடைக்கும், ஆனா சென்சார் பார்க்கற வானம் பாதியா சுருங்கிடும். மேல சொன்ன கேமராவுல சென்சார் 5.6 மிமீக்கு 3.2 மிமீ, பார்லோ இல்லாமலே 0.27 டிகிரிக்கு 0.15 டிகிரி ஜன்னல்தான், அதாவது முழு நிலாவுல பாதிதான் ஃபிரேமுக்குள்ள வரும். அந்த ஜன்னலை நிலையம் கால் செகண்ட்ல தாண்டிடும். அதையும் பாதியாக்கினா நீங்க பிடிக்கறது வெறும் கறுப்பு வானமாத்தான் இருக்கும். கை பழகற வரைக்கும் பார்லோவைத் தொடாதீங்க. 2000 மிமீக்கு மேல ஃபோகல் லெங்த் இருக்கற எஸ்சிடி (ஷ்மிட்-காசிக்ரெய்ன், குட்டையான குழாய் டெலஸ்கோப்) வெச்சிருக்கறவங்க அதைக் குறைக்கற ஃபோகல் ரெடியூசர் லென்ஸ் போட்டு ஆரம்பிக்கறதே புத்திசாலித்தனம்.

டிஎஸ்எல்ஆர் இருந்தாலும் ஓடும், சென்சார் பெருசுங்கறதால நிலையம் உள்ள வந்து மாட்டறது சுலபம், 1200 மிமீல ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் மேல ஜன்னல் கிடைக்கும். ஆனா ஃபுல் எச்டி வீடியோவை மட்டும் நம்பாதீங்க. வீடியோ மோட்ல கேமரா முழு சென்சாரையும் 1920 பிக்சலா சுருக்கிடும், 6000 பிக்சல் அகலமுள்ள சென்சார்னா உங்க நிலையம் மூணுல ஒரு பங்கா, 25 பிக்சலுக்குள்ள குறுகிப் போயிடும். ஸ்டில் பர்ஸ்ட்ல, அதாவது படபடன்னு தொடர் ஃபோட்டோவா, ரா ஃபார்மேட்ல எடுங்க, இல்ல சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் சுருக்காம எடுக்கற கிராப் வீடியோ மோட் இருந்தா அதைப் பயன்படுத்துங்க. போனை ஐபீஸ்ல (கண்ணு வெச்சுப் பார்க்கற லென்ஸ்) வெச்சு எடுக்கலாமான்னா எடுக்கலாம், அடாப்டர் கட்டாயம், பவர் குறைஞ்ச ஐபீஸ் போடுங்க, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மேனுவலா பூட்டி வைக்கற கேமரா ஆப் வேணும், ஆட்டோவுல விட்டா கறுப்பு வானத்தைப் பார்த்து போன் பிரைட்னஸை ஏத்திடும், நிலையம் வெள்ளைப் பொட்டா போயிடும்.

அடுத்து எந்த பாஸ் எடுக்கறதுன்னு தேர்ந்தெடுக்கணும். நிலையம் ஒரு தடவை நம்ம வானத்தைக் கடந்து போறதைத்தான் பாஸ்னு சொல்றோம். ஹெவன்ஸ்-அபவ் தளத்துல உங்க இடத்தைக் குடுத்தா வர்ற பத்து நாளைக்கான பாஸ் எல்லாம் நேரம், திசை, உச்ச உயரம், பிரகாசத்தோட வரிசையா காட்டும். பாதைக் கணக்கோட டேட்டாவை, அதாவது டிஎல்இயை, செலஸ்ட்ராக் தளத்துல எடுக்கலாம், ஐஎஸ்எஸ்ஸோட கேட்டலாக் நம்பர் 25544. இந்த டேட்டா பழசாயிடும், மேல இருக்கற லேசான காத்தே இழுத்து பாதையை மாத்தும், நடுவுல நிலையத்தை ராக்கெட் போட்டு உயர்த்தினாங்கன்னா நேரம் இன்னும் தள்ளிப் போகும். அதனால பத்து நாள் முன்னாடி பார்த்த நேரத்தை நம்பி நிக்காதீங்க, அன்னைக்குச் சாயந்திரம் ஒரு தடவை மறுபடி பாருங்க.

உச்ச உயரம் 50-ல இருந்து 75 டிகிரி வரைக்கும் இருக்கற பாஸ்தான் என் தேர்வு. 30 டிகிரியில நிலையம் 775 கிமீ தள்ளி இருக்கும், 60 டிகிரியில 480 கிமீ, அதனால தாழ்வான பாஸ்ல சைஸும் சின்னது, நடுவுல காத்துப் படலமும் தடிமன். சரி, அப்போ நேர் உச்சிக்கே வர்ற 88 டிகிரி பாஸ் இன்னும் நல்லதில்லையான்னு கேப்பீங்க. தூரக் கணக்குப்படி நல்லதுதான், ஆனா டாப்சோனியனைப் பக்கவாட்டுல சுத்தற வேகம் உச்சியை நெருங்க நெருங்க தாறுமாறா ஏறும். 70 டிகிரியில செகண்டுக்கு மூணு டிகிரிக்குள்ள சுத்தினா போதும், 85 டிகிரியில அது பத்தைத் தாண்டும், கால் தடுக்கி விழாம அந்த வேகத்துக்கு யாராலயும் சுத்த முடியாது. இதே மாதிரி மேல-கீழ, பக்கவாட்டுன்னு திரும்பற ஆல்ட்-அசிமுத் மோட்டார் மவுண்ட்டுக்கும் இதே பிரச்சனைதான். 60-க்கும் 88-க்கும் நடுவுல தூர வித்தியாசம் வெறும் 60 கிமீ, அதுக்காக இவ்வளவு அவஸ்தை தேவையில்லை.

வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதுங்கறதும் முக்கியம். சாயந்திர பாஸ்ல சூரியன் மேற்குல இறங்கிட்டு இருக்கும், நிலையம் மேற்குல இருந்து ஏறும்போது நமக்கு அதோட இருட்டுப் பக்கம்தான் ஜாஸ்தி தெரியும், உச்சி தாண்டி கிழக்கா இறங்க ஆரம்பிக்கும்போது முகத்துல நேரா வெயில் அடிக்கும், பளபளன்னு ஆயிடும். விடியக்காலை பாஸ்ல அப்படியே தலைகீழ், முதல் பாதிதான் நல்ல பாதி. நடுவுல திடீர்னு பூமியோட நிழலுக்குள்ள போய் மறைஞ்சிடறதும் உண்டு, எந்த செகண்ட்ல மறையும்னு ஹெவன்ஸ்-அபவ்லயே போட்டிருக்கும், உச்சிக்கு முன்னாடியே மறையற பாஸ்னா விட்டுடுங்க.

இப்போ ஃபைண்டர். இதுல நேரம் செலவழிக்கறவங்களுக்குத்தான் படம் கிடைக்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நிலையம் வரும்போது நீங்க லேப்டாப் திரையைப் பார்க்கப் போறதில்லை, ஃபைண்டரோட கிராஸ்ஹேரைத்தான் பார்க்கப் போறீங்க. அந்த கிராஸ்ஹேர் நடுவும் சென்சார் நடுவும் ஒரே இடத்துல இல்லைன்னா நீங்க எவ்வளவு அழகா பின்தொடர்ந்தாலும் ஃபிரேமுக்குள்ள ஒண்ணும் இருக்காது. சென்சார் ஜன்னலோட குறுகலான பக்கம் 0.15 டிகிரின்னு பார்த்தோம், நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 0.07 டிகிரிதான் உங்களுக்கு இடம். ரெட் டாட் ஃபைண்டர்ல இந்த நுணுக்கம் வராது, அந்தச் சிவப்புப் புள்ளியும் வர்ற வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். 9×50 மாதிரி பெருக்கிக் காட்டற ஃபைண்டர் போடுங்க, கிராஸ்ஹேர் வெளிச்சம் போட்டுக் காட்டறதா இருந்தா ரொம்ப நல்லது, இருட்டு வானத்துல கறுப்புக் கம்பி கண்ணுக்கே தெரியாது.

அலைன் பண்றப்போ கேமராவை மாட்டி, ஒரு கிரகத்தையோ நல்ல பிரகாசமான நட்சத்திரத்தையோ திரையோட சரி நடுவுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் ஃபைண்டர் ஸ்க்ரூவைத் திருகி அதே நட்சத்திரத்தை கிராஸ்ஹேர் நடுவுல உட்கார வைங்க. நட்சத்திரம் நகர்ந்துட்டே இருக்கும், அதனால திரையைப் பார்த்து, ஃபைண்டரைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்துன்னு மாத்தி மாத்திச் சரி பண்ணணும். ஆச்சுன்னு நினைக்கும்போது டெலஸ்கோப்பை வானத்தோட எதிர்ப்பக்கம் சுத்தி வேற ஒரு நட்சத்திரத்தை கிராஸ்ஹேர்ல வைங்க, திரையில நடுவுல வருதா பாருங்க. வரலைன்னா எங்கேயோ ஏதோ ஆடுது, ஃபைண்டர் பிராக்கெட் லூஸா இருக்கலாம், ஃபோகஸர்ல கேமரா தொங்கிட்டு இருக்கலாம், எஸ்சிடின்னா உள்ள மெயின் மிரரே பக்கம் மாறும்போது லேசா சாயலாம். எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிட்டு மறுபடி முதல்ல இருந்து. எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா இந்தச் சோதனையைத் தாண்டாம பாஸுக்கு நிக்கறது வீண். கேமராவோட வயர் இழுத்தாலே அலைன்மென்ட் கொஞ்சம் விலகும், வயரைக் குழாயோட சேர்த்துக் கட்டிடுங்க.

ஃபோகஸுக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய வெச்சு வெளிக் காத்தோட சூட்டுக்கு வர விடுங்க, அப்புறம் நட்சத்திரத்துல பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியான்னு காட்ட டெலஸ்கோப் முன்வாயில மாட்டற கோடு வெட்டின மூடி) போட்டு ஃபோகஸ் பண்ணுங்க, லாக் ஸ்க்ரூவைப் பூட்டுங்க, பூட்டும்போது ஃபோகஸ் நகர்ந்துச்சான்னு மறுபடி பாருங்க. ராத்திரி குளிர் ஏறும்போது குழாய் சுருங்கி ஃபோகஸ் மாறும், அதனால பாஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கடைசியா ஒரு தடவை. நிலையம் வந்த பிறகு ஃபோகஸர் பக்கமே கை போகக் கூடாது, மங்கலா தெரிஞ்சாலும் போகக் கூடாது. மாஸ்க்கைக் கழட்டவும் மறந்துடாதீங்க!

எக்ஸ்போஷர்ல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு அசைவு. டெலஸ்கோப் அசையாம நின்னு நிலையம் மட்டும் குறுக்க ஓடுச்சுன்னா 1/1000 செகண்ட்ல அது 3.6 ஆர்க்செகண்ட் நகரும், படத்துல 7 மீட்டர் இழுவல். கையால கூடவே தள்ளும்போது இது குறையும், ஆனா கை எப்பவும் ஒரே சீரா போகாது, அதனால 1/2000-ல இருந்து தொடங்குங்க. ரெண்டாவது பிரகாசம். நிறைய பேர் வியாழன்ல செட் பண்ணின கெயினையும் (சென்சார் சிக்னலைக் கூட்டற அளவு) ஷட்டரையும் அப்படியே விட்டுடறாங்க, நிலையம் வரும்போது எல்லாம் வெந்து வெள்ளையாயிடும். காரணம் ரொம்ப எளிது, வியாழன் சூரியன்ல இருந்து நம்மளை விட அஞ்சு மடங்குக்கு மேல தூரத்துல இருக்கு, அதுமேல விழற வெயில் நிலையத்து மேல விழறதுல 27-ல ஒரு பங்குதான். நிலையத்துக்கு அடிக்கறது நம்ம நிலாவுக்கு அடிக்கற அதே வெயில். அதனால எக்ஸ்போஷருக்கு நிலாவைத்தான் அளவுகோலா வெச்சுக்கணும். நிலாவோட தரை உண்மையில கருங்கல் மாதிரி மங்கல், வர்ற வெளிச்சத்துல 12 சதவீதம் போலத்தான் திருப்பி அனுப்புது, நிலையத்தோட ரேடியேட்டரும் மாட்யூலும் வெள்ளை. ஆகவே 1/2000-ல நிலா கொஞ்சம் இருட்டா, ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) பாதிக்கும் கீழ இருக்கற மாதிரி கெயின் வெச்சுக்கோங்க, அது கிட்டத்தட்ட சரியா உட்காரும். நிலா இல்லாத ராத்திரின்னா முந்தின நிலா ராத்திரியில குறிச்சு வெச்ச நம்பரை எடுத்துப் போடுங்க. சந்தேகம் வந்தா இருட்டுப் பக்கமே சாயுங்க, இருட்டா இருக்கற படத்தைத் தூக்கி விடலாம், வெந்து போன வெள்ளையில இருந்து எதையும் மீட்க முடியாது.

பழகறதுக்கு விமானம் நல்லா உதவும். 10 கிமீ உயரத்துல மணிக்கு 900 கிமீ வேகத்துல போற விமானம் தலைக்கு மேல செகண்டுக்கு 1.4 டிகிரி நகருது, ஐஎஸ்எஸ்ஸை விட வேகம், கொஞ்சம் சாய்வா தள்ளிப் போறதுன்னா ஐஎஸ்எஸ் வேகத்துக்கே வரும். சாயந்திரம் சூரியன் மறைஞ்ச பிறகு விமானத்தோட விளக்கை கிராஸ்ஹேர்ல வெச்சுத் தள்ளிப் பழகுங்க. பகல்ல பழகாதீங்க, டெலஸ்கோப் தவறிப் போய் சூரியன் பக்கம் திரும்பிச்சுன்னா ஒரு கணத்துல கண்ணு போயிடும், இது பயமுறுத்தறதுக்கு சொல்றது இல்லை.

பாஸ் நேரம் வந்தாச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே அது ஏறற திசையைப் பார்த்து நில்லுங்க, பாதை எந்த நட்சத்திரம் பக்கமா போகுதுன்னு மேப்ல பார்த்து வெச்சுக்கோங்க. டெலஸ்கோப்பை ஒரு தடவை அந்தப் பாதையிலயே வெறுமனே சுத்தி ஒத்திகை பாருங்க, உச்சியில உங்க உடம்பு எந்தப் பக்கம் திரும்பணும், ஃபைண்டர்ல கண்ணு வைக்க எங்க குனியணும், வயர் சிக்குதான்னு அப்போதான் தெரியும். லேப்டாப்ல எஸ்எஸ்டி இருக்கட்டும், மேல சொன்ன கேமரா 8 பிட்ல 100 ஃபிரேம் ஓடினாலே செகண்டுக்கு 200 எம்பிக்கு மேல எழுதணும், மூணு நிமிஷத்துல 40 ஜிபி வரைக்கும் போகும். ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் மாதிரி ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல எஸ்இஆர்ங்கற வீடியோ ஃபார்மேட்ல ரெக்கார்டிங்கை நிலையம் 20 டிகிரி ஏறினதும் ஆன் பண்ணிட்டு லேப்டாப்பை மறந்துடுங்க.

தாழ்வா இருக்கும்போது அது மெதுவாத்தான் நகரும், 30 டிகிரியில செகண்டுக்கு மூணுல ஒரு டிகிரிதான். அங்கயே பிடிச்சு தாளம் போட்டுக்கோங்க. ஃபைண்டர்ல ஒரு கண்ணு, இன்னொரு கண்ணைத் திறந்தே வைங்க, தப்பிச்சா வெறுங்கண்ணால மறுபடி தேடிப் பிடிக்க அதுதான் வசதி. குழாயோட முன்பக்கத்தை ஒரு கை, அடிப்பக்கத்தை ஒரு கைன்னு பிடிச்சு, தூங்கற குழந்தையோட தொட்டிலை ஆட்டற மாதிரி மெதுவா, விடாம தள்ளணும், வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா ஒவ்வொரு ஃபிரேமும் கலங்கும். அதுவும் வரலைன்னா இன்னொரு வழி இருக்கு, நிலையம் போற பாதையில கொஞ்சம் முன்னாடி போய் டெலஸ்கோப்பை நிறுத்துங்க, அது கிராஸ்ஹேரைத் தாண்டிப் போகட்டும், தாண்டினதும் மறுபடி முன்னாடி ஓடி நில்லுங்க. ஒவ்வொரு தாண்டலுக்கும் இருபது முப்பது ஃபிரேம் விழும், டெலஸ்கோப் அசையாம நிக்கறதால அதிர்வும் இருக்காது. இப்படிப் பாய்ஞ்சு பாய்ஞ்சு எடுத்தே பிரமாதமா படம் கொண்டு வர்றவங்க இருக்காங்க.

பிறகு வீடியோவை ஓட்டிப் பார்த்தா மனசு உடைஞ்சிடும், பெரும்பகுதி வெறும் கறுப்பு. பயப்படாதீங்க, பதினெட்டாயிரம் ஃபிரேம்ல நிலையம் சில நூறுல இருந்தா போதும், அதுல கூர்மையா பத்து இருபது தேறினா உங்க வேலை முடிஞ்சுது.

மோட்டார் மவுண்ட்டைப் பத்தியும் ரெண்டு வரி. சில கோட்டோ மவுண்ட்ல (கம்ப்யூட்டர் சொல்ற இடத்துக்குத் தானா திரும்பற வகை) சேட்டிலைட் பின்தொடர்ற வசதி இருக்கு, கம்ப்யூட்டர்ல டிஎல்இ குடுத்து மவுண்டை ஓட்டற சாஃப்ட்வேரும் இருக்கு. அதுல அன்னைக்கு டிஎல்இ, செகண்ட் சுத்தமான கடிகாரம், துல்லியமான அலைன்மென்ட் மூணும் வேணும், அப்பவும் ஜாய்ஸ்டிக்ல திருத்திட்டே இருக்கணும். நெதர்லாந்துக்காரர் ரால்ஃப் வாண்டெபெர்க் 10 இன்ச் நியூட்டோனியனை (டாப்சோனியன்ல இருக்கற அதே கண்ணாடி டெலஸ்கோப் வகை) கையாலயே ஓட்டி, 2019-ல அமெரிக்காவோட ரகசிய விண்கலம் எக்ஸ்-37பியையே படம் பிடிச்சார், அது 9 மீட்டர் கூட இல்லாத பொருள். அதனால மோட்டார் இல்லையேங்கற கவலை உங்களுக்கு வேணாம்.

டெலஸ்கோப்பைத் தள்ளவே வேணாம்னு நினைக்கறவங்களுக்கு டிரான்சிட் இருக்கு, நிலையம் நிலாவுக்கோ சூரியனுக்கோ குறுக்க போறது. டிரான்சிட் ஃபைண்டர்னு ஒரு தளம், உங்க இடமும் எவ்வளவு தூரம் போகத் தயார்னும் குடுத்தா எந்த நாள், எந்த செகண்ட்ல, எந்தக் கோடு வழியா தெரியும்னு மேப் போட்டுக் காட்டும். அந்தக் கோட்டோட அகலம் சில கிமீதான், நிலா நேர் உச்சியில இருந்தா 4 கிமீ கூட வராது, அதனால நடுக்கோட்டுலயே போய் நில்லுங்க. மொத்த நிகழ்ச்சியும் அரை செகண்ட்ல இருந்து ஒண்ணு ஒண்ணரை செகண்ட். ஷட்டரை அமுக்கப் பார்த்து ஏமாறாதீங்க, பத்து செகண்ட் முன்னாடி வீடியோவோ பர்ஸ்ட்டோ தொடங்கி பத்து செகண்ட் பின்னாடி நிறுத்துங்க. பர்ஸ்ட்ல பஃபர் சீக்கிரம் நிறையற கேமரான்னா வீடியோவே மேல்.

சூரியன்னா டெலஸ்கோப்போட முன்வாய் முழுக்க மூடற சோலார் ஃபில்டர் கட்டாயம், ஐபீஸ் பக்கம் மாட்டற குட்டி ஃபில்டர் சூட்டுல வெடிக்கும், அதைத் தூக்கிப் போட்டுடுங்க. ஃபைண்டரையும் மூடுங்க இல்ல கழட்டிடுங்க. ஃபில்டர் காத்துல பறக்காம டேப் போட்டு ஒட்டி, ஓட்டை கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் திருப்பணும். பிரான்ஸோட தியெரி லெகோ 2009 மே மாசம் ஃபுளோரிடாவுல இருந்து அட்லாண்டிஸ் ஷட்டிலும் ஹப்பிள் டெலஸ்கோப்பும் சேர்ந்து சூரியனைக் கடக்கறதை இப்படித்தான் எடுத்தார், சூரிய வட்டத்துல ரெண்டு சின்னக் கறுப்புப் பொருள், அவ்வளவுதான் படம், ஆனா உலகம் முழுக்கப் பேசினாங்க.

ஐஎஸ்எஸ் கைக்கு வந்த பிறகு சீனாவோட தியான்கோங் நிலையத்தைப் பாருங்க, மூணு மாட்யூல் சேர்ந்து டி எழுத்து மாதிரி இருக்கும், சைஸ் ரொம்பச் சின்னது. அதோட பாதை சாய்வு 41.5 டிகிரிதான், அதனால வடக்கிலயும் தெற்கிலயும் ரொம்பத் தள்ளி இருக்கறவங்களுக்குத் தாழ்வாத்தான் வரும், இல்லைன்னா வரவே வராது. ஹப்பிள் 13 மீட்டர் குழாய், அஞ்சு ஆர்க்செகண்ட் காட்டினாலே அதிகம், காத்து அசையாத ராத்திரியில ஒரு சின்ன உருளை மாதிரி தெரியும், அதுக்கு மேல எதிர்பார்க்க வேணாம்.

கடைசியா பிராசஸிங். பிஐபிபி சாஃப்ட்வேர்ல எஸ்இஆர் ஃபைலைப் போட்டா கறுப்பு ஃபிரேமைத் தள்ளிட்டு, நிலையம் இருக்கறதை மட்டும் எடுத்து, நடுவுல வெச்சு வெட்டிக் குடுக்கும். அப்புறம் உட்கார்ந்து கண்ணாலயே பொறுக்குங்க. கிரகத்துக்குச் செய்யற மாதிரி ஆயிரக்கணக்குல ஃபிரேமை ஸ்டாக் பண்ணக் கூடாது, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே படமாக்கக் கூடாது, ஏன்னா நிலையம் போகப் போக நமக்குக் காட்டற கோணம் மாறிட்டே இருக்கு, உச்சிக்குக் கிட்ட ரெண்டு செகண்ட்லயே பேனலோட சாய்வு மாறிடும். அடுத்தடுத்து இருக்கற பத்து இருபது ஃபிரேமை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் சாஃப்ட்வேர்ல சேர்த்து, ரெஜிஸ்டாக்ஸ் சாஃப்ட்வேர்ல வேவ்லெட்டை (படத்தைக் கூர்மையாக்கற வசதி) லேசா ஏத்துங்க.

லேசாங்கறதை அழுத்திச் சொல்றேன். வேவ்லெட்டை இழுத்து விட்டா காத்தோட அலைச்சலும் கேமரா இரைச்சலும் கூட ஜன்னல், குழாய், விண்வெளி வீரர்னு தெரிய ஆரம்பிச்சிடும். ஒரு விவரம் நிஜமான்னு பார்க்க, தனியா எடுத்த ரெண்டு மூணு ஃபிரேம்ல அது ஒரே இடத்துல இருக்கான்னு பாருங்க, ஒண்ணுல மட்டும் இருந்தா அது இரைச்சல். 2022 மார்ச்ல ஜெர்மனியோட செபாஸ்டியன் வோல்ட்மர் 11 இன்ச் டெலஸ்கோப்ல, நிலையத்துக்கு வெளிய வேலை பார்த்துட்டு இருந்த வீரர்களையே படத்துல காட்டினார், அப்போ அங்க ஸ்பேஸ்வாக் நடந்துட்டு இருந்தது ஊருக்கே தெரியும், அவங்க எந்த இடத்துல நின்னாங்கங்கறதும் தெரியும், அதோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடிஞ்சுது. அந்த மாதிரி ஆதாரம் இல்லாம ரெண்டு பிக்சலுக்குப் பேர் வைக்காதீங்க.

நிறத்தைப் பொறுத்தவரைக்கும் மாட்யூலும் ரேடியேட்டரும் வெள்ளை, பெரிய சோலார் பேனல் செம்புக்கும் பொன்னுக்கும் நடுவுல ஒரு நிறம், அது நீலமா வந்திருந்தா ஒயிட் பேலன்ஸைப் பாருங்க. படம் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடம் வலம் மாறியிருக்கான்னும் பார்க்கணும், நியூட்டோனியன்ல தலைகீழா மட்டும்தான் வரும், சுத்தி விட்டா சரியாயிடும், ஆனா டயகனல் (குனியாம பார்க்க வெளிச்சத்தைத் திருப்பற கண்ணாடி) வழியா எடுத்தா நிஜமாவே இடம் வலம் மாறிடும். எந்த போர்ட்ல எந்த டிராகன், எந்த சோயுஸ் நிக்குதுன்னு நாசா ஒவ்வொரு விண்கலம் வந்து போகும்போதும் படம் போடறாங்க, அதை உங்க படத்துக்குப் பக்கத்துல வெச்சு, தப்பான பக்கத்துல ஒட்டிட்டு இருந்தா ஃப்ளிப் பண்ணிட்டு சேவ் பண்ணுங்க.